எக்ஸ்பாக்ஸுக்குக் கறுப்பு, பிஎஸ்5-க்குப் படம்: 2020 ஏவி ரிசீவர் கோளாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 அக்டோபரில் ஜெர்மனியின் ஹைசே பதிப்பகம் தன் கணினி இதழ் வழியாக ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. டெனான், மரான்ட்ஸ், யமஹா ஆகிய மூன்று பெயர்களிலும் அந்த ஆண்டு புதிதாக வந்த ஏவி ரிசீவர்களில் (டிவிக்கு முன்னால் நின்று ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் கன்சோலையோ என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கிராபிக்ஸ் கார்டையோ செருகி, 4கே தெளிவில் வினாடிக்கு 120 ஃபிரேம், கூடவே எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் விரிந்த படம்) என்று கேட்டால், டிவி கறுத்துப் போகிறது. படம் நடுங்கவில்லை, நிறம் மாறவில்லை, வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கவில்லை. வெறும் கறுப்பு.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கடைக்கு வந்தது நவம்பர் 10 அன்று. பெருவாரியான மக்கள் கன்சோலை வாங்கிப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, அதை இணைக்கப்போகும் ரிசீவரில் கோளாறு என்ற செய்தி வந்துவிட்டது. அந்த ரிசீவர்களை வாங்கியவர்களில் நிறையப் பேர், வரப்போகும் கன்சோலை மனதில் வைத்துத்தான் பழையதைக் கழித்துவிட்டுப் புதியதை எடுத்திருந்தார்கள்.

ஹோம் தியேட்டரில் படம் வராத வழக்குகள் எத்தனையோ. பெரும்பாலானவை யார் மேல் தப்பு என்று தெரியாமலே முடிந்துவிடும். கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஆன் செய்வார்கள், ஒருநாள் தானாக வேலை செய்யும், அத்தோடு விட்டுவிடுவார்கள். இந்த வழக்கு அப்படிப் போகவில்லை. கோளாறு எந்தச் சிப்பில் என்று தெரிந்தது, நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன, மாற்றும் கொடுத்தன. சிக்னல் பொருந்தாமல் போவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது.

அறிகுறி

பாதிக்கப்பட்டவை மலிவுப் பெட்டிகள் இல்லை. டெனானில் ஏவிஆர்-எக்ஸ்2700எச் முதல் எக்ஸ்6700எச் வரை, மரான்ட்ஸில் எஸ்ஆர்5015 முதல் எஸ்ஆர்8015 வரை, யமஹாவில் ஆர்எக்ஸ்-வி4ஏ, ஆர்எக்ஸ்-வி6ஏ. எக்ஸ்3700எச்-இன் அமெரிக்க விலை 1,199 டாலர். மூன்று பெயர்களுமே 8கே என்ற சொல்லை முன்னிறுத்தித்தான் விற்றன. ஆனால் எக்ஸ்3700எச்-இன் ஏழு எச்டிஎம்ஐ உள்ளீடுகளில் ஒன்றே ஒன்றுதான் 8கே வேகத்துக்கானது. மற்ற ஆறும் வினாடிக்கு 18 கிகாபிட் கடத்தும் பழைய ரகம். யமஹாவோ 8கே, 4கே 120 இரண்டும் பின்னால் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டில் வரும் என்று சொல்லியே பெட்டியைக் கடைக்கு அனுப்பியிருந்தது. பின்னால் வரும் என்ற வாக்குறுதியை நம்பிக் கருவி வாங்காதீர்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன். அதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

அறிகுறியை ஒரு மருத்துவர் போல அடுக்கிப் பார்த்தால் விசித்திரம் புரியும். எக்ஸ்பாக்ஸை நேராக எல்ஜி சிஎக்ஸ் போன்ற டிவியில் செருகினால் 4கே 120 வருகிறது. ஆக, கன்சோலும் டிவியும் சரி. நடுவில் ரிசீவரை வைத்து 4கே 60 கேட்டால் படம் வருகிறது. ஆக, ரிசீவர் செத்துப்போகவில்லை, எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டும் திறக்கிறது. அதே ரிசீவரில், அதே 8கே உள்ளீட்டில், அதே கேபிளில் சோனியின் பிஎஸ்5 கன்சோலைச் செருகி 120 கேட்டால் அதுவும் வருகிறது. எக்ஸ்பாக்ஸை வைத்து 120 கேட்கும்போது மட்டும் கறுப்பு.

இந்த நிலையில் வாங்கியவர் என்ன நினைப்பார்? எக்ஸ்பாக்ஸில்தான் கோளாறு என்று நினைப்பார். பிஎஸ்5 ஓடுகிறதே! கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். கேபிள் விற்பவருக்கோ கொண்டாட்டம்.

ஒலிக்காகப் படத்தைச் சுமப்பது

ரிசீவர் என்பது அடிப்படையில் ஆம்ப்ளிஃபயர். அதன் வேலை ஸ்பீக்கர்களை ஓட்டுவது. படத்தோடு அதற்கு என்ன சம்பந்தம்?

டிவிடி காலத்தில் பெரிய சம்பந்தம் இல்லை. படம் மூன்று காம்போனென்ட் கம்பிகளில் போகும், ஒலி ஆப்டிகல் கம்பியில் தனியாகப் போகும். படத்தை ரிசீவர் வழியாக விடுவதும் நேராக டிவிக்கு விடுவதும் அவரவர் வசதி. அனலாக் சிக்னல் என்பதால் ரிசீவர் அதை வெறுமனே ஒரு சுவிட்ச் போலக் கடத்திவிட்டால் போதும். 2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ முதல் பதிப்பு வந்தபோது படமும் ஒலியும் ஒரே கம்பிக்குள் அடைபட்டன. அதுவும் எப்படி? படத்தின் வரிகளுக்கு இடையே வரும் காலி நேரத்தில் ஒலித் துண்டுகளைச் செருகி அனுப்புகிறார்கள். ஒலி மட்டும் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், முழுப் படத்தையும் வாங்கிப் பிரித்துத்தான் எடுக்க முடியும். ப்ளூ-ரே வந்தபின் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற கனமான ஒலி வடிவங்கள் ஆப்டிகல் கம்பியில் போக இடமில்லாமல் எச்டிஎம்ஐ-யைக் கட்டாயமாக்கின.

அன்றிலிருந்து ஆம்ப்ளிஃபயர் செய்பவர்கள் எல்லாரும் விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீடியோக் கருவி செய்பவர்களாகவும் ஆனார்கள். டிவி தரம் உயரும் ஒவ்வொரு தடவையும் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ரிசீவர் படத்தின் பொருட்டுப் பழசாகிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் இருபது வருடம் உழைக்கும். எச்டிஎம்ஐ போர்டு ஐந்து வருடத்தில் காலாவதி.

இது முதல் தடவையும் இல்லை. 2014-இல் 4கே சூடு பிடித்தபோது வந்த ரிசீவர்களில் சிலவற்றுக்கு 18 கிகாபிட் வேகம் இருந்தது, எச்டிசிபி 2.2 பூட்டுக்குச் சாவி இல்லை. வேறு சிலவற்றுக்குச் சாவி இருந்தது, வேகம் 10.2 கிகாபிட்டோடு நின்றது. இரண்டும் சேர்ந்த பெட்டிக்கு அடுத்த ஆண்டு மாடல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டு முதல் வகையை வாங்கியவர்கள், 4கே ப்ளூ-ரே பிளேயர் வந்தபோது அதன் படத்தை ரிசீவர் வழியாக அனுப்ப முடியாமல் திகைத்தார்கள்.

ரிசீவருக்குள் நடப்பது

எச்டிஎம்ஐ ரிசீவரை நீளமான கேபிள் போல நினைத்துக்கொள்வதுதான் குழப்பத்துக்கு மூலம். உள்ளே வரும் சிக்னல் அங்கேயே முடிந்துவிடுகிறது. வெளியே போவது புதிதாகச் செய்யப்பட்ட வேறொரு சிக்னல்.

கன்சோலை ஆன் செய்தவுடன் அது 18-ஆம் பின்னில் 5 வோல்ட் கொடுக்கிறது. எதிர்முனைக் கருவி ஹாட்-பிளக் எனப்படும் 19-ஆம் பின்னை உயர்த்தி, நான் இருக்கிறேன் என்கிறது. உடனே கன்சோல் 15, 16-ஆம் பின்களின் வழியே எதிர்முனையின் ஈடிஐடி-யைப் படிக்கிறது. டிவி தன்னால் என்னென்ன முடியும் என்று எழுதி வைத்திருக்கும் சிறு தரவுத் தொகுப்பு அது. 128 பைட் கொண்ட துண்டுகளாக அடுக்கியிருக்கும். எந்தெந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ், எச்டிஆர் உண்டா, எந்த ஒலி வடிவம், அதிகபட்ச வேகம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும்.

நடுவில் ரிசீவர் இருந்தால் கன்சோல் படிப்பது டிவியின் அசல் ஈடிஐடி-யை இல்லை. ரிசீவர் முதலில் டிவியுடையதைப் படித்து, அதில் ஒலிப் பகுதியை அழித்துத் தன்னுடைய திறமைகளை எழுதி, படப் பகுதியில் தன்னால் கடத்த முடியாதவற்றை நீக்கி, அந்தத் திருத்திய பிரதியைத்தான் கன்சோலுக்குக் காட்டுகிறது. மாப்பிள்ளை வீட்டு ஜாதகத்தைத் தரகர் தன் கையால் திருத்தி எழுதிப் பெண் வீட்டில் கொடுப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. தரகர் நல்லவராகவே இருந்தாலும், அவர் சொன்னதை நம்பித்தான் பெண் வீடு சம்மதிக்கிறது.

அடுத்தது எச்டிசிபி. கன்சோலுக்கும் ரிசீவருக்கும் ஒரு பூட்டு, ரிசீவருக்கும் டிவிக்கும் இன்னொரு பூட்டு. ரிசீவர் உள்ளே வந்ததைத் திறந்து, ஒலியைப் பிரித்தெடுத்து, தேவைப்பட்டால் வால்யூம் பட்டையைப் படத்தின் மேல் வரைந்து, மறுபடி பூட்டி அனுப்புகிறது. இவ்வளவும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நடக்கிறது.

இந்த இடத்தில்தான் 2017 நவம்பர் 28 அன்று வெளியான எச்டிஎம்ஐ 2.1 ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதுவரை இருந்த டிஎம்டிஎஸ் முறையில் மூன்று தடங்களில் படம், நான்காவதில் கடிகாரத் துடிப்பு. மொத்தம் 18 கிகாபிட். 2.1-இல் வந்த எஃப்ஆர்எல் முறையில் கடிகாரத் தடத்தையும் தரவுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான்கு தடங்கள், தடத்துக்கு 12 கிகாபிட் வரை, ஆக 48. கீழே 40, 32, 24, 18, 9 என்று படிகள். தொடங்கும்போது இரு முனைகளும் எந்தப் படியில் பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொள்கின்றன. அந்தப் படி சரிவராவிட்டால் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும்.

பழைய முறையில் கேபிள் பலவீனமாக இருந்தால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். பார்த்தவுடன் கேபிள் என்று சொல்லிவிடலாம். எஃப்ஆர்எல்-இல் பிழை திருத்தும் முறையும் சேர்ந்திருக்கிறது. சின்னச் சின்னப் பிழைகளை அது விழுங்கிவிடும், ஒரு எல்லை தாண்டினால் மொத்தமாகக் கைவிட்டுவிடும். அதனால் கேபிள் கோளாறு, சிப் கோளாறு, ஒத்திகை தோல்வி எல்லாவற்றுக்கும் ஒரே முகம்: கறுப்பு. பழுது பார்ப்பவர்களுக்குப் பழகிய தடயம் ஒன்று இதில் போய்விட்டது.

40-க்கும் 32-க்கும் நடுவே

பிஎஸ்5 ஏன் ஓடியது என்ற புதிருக்கு வருவோம். கொஞ்சம் பெருக்கல் கணக்கு வேண்டும்.

4கே படம் என்றால் 3840-க்கு 2160. ஆனால் கம்பியில் போவது அவ்வளவு மட்டும் இல்லை. வரிகளுக்கு இடையிலும் ஃபிரேம்களுக்கு இடையிலும் உள்ள காலி நேரத்தையும் சேர்த்து 4400-க்கு 2250 என்று கணக்கு. வினாடிக்கு 60 தடவை என்றால் 59.4 கோடி பிக்சல். பிக்சலுக்கு 24 பிட் வைத்தால் 14.26 கிகாபிட். டிஎம்டிஎஸ் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 ஆக்கி அனுப்பும் என்பதால் 17.82. பழைய 18 கிகாபிட் குழாயில் மயிரிழையில் அடங்குகிறது. 4கே 60 இந்த ரிசீவர்களில் சண்டை போடாமல் போனதற்கு இதுதான் காரணம்.

120 தடவை என்றால் 118.8 கோடி பிக்சல். எச்டிஆருக்கு வண்ணத்துக்கு 10 பிட், மூன்று வண்ணம், ஆகப் பிக்சலுக்கு 30 பிட். பெருக்கினால் 35.64 கிகாபிட். எஃப்ஆர்எல் 16 பிட்டை 18 ஆக்கி அனுப்பும். அதையும் சேர்த்தால் 40.1. நாற்பதை இம்மியளவு தாண்டுகிறது. ஆனால் காலி நேரத்தை முழுசாக அனுப்பாமல் சுருக்கிக்கொள்ள எஃப்ஆர்எல்-இல் இடம் உண்டு என்பதால் 40 படியில் அடங்கிவிடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் பேசுவது இந்த 40-இல்.

பிஎஸ்5-இன் எச்டிஎம்ஐ வெளியீடு 32-ஓடு நிற்கிறது. முழு 10 பிட் வண்ணத்தை 4கே 120-இல் அதனால் அனுப்ப முடியாது. அதற்காக 4:2:2 முறைக்கு இறங்குகிறது: ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் தனித்தனி, வண்ணம் மட்டும் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சலுக்குப் பொது. இந்த முறையில் பிக்சலுக்கு 24 பிட் போதும். கணக்கு 32 படியில் வந்து உட்காரும். விளையாடும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது என்பது என் கருத்து. கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தைக் கறுப்புப் பின்னணியில் வைத்தால் தெரியும்.

ஆக, அந்த ரிசீவர்களுக்கு முன்னால் இரண்டு கன்சோல்களும் வைத்தது வேறு வேறு சிக்னல்கள். சோனியின் கன்சோல் வேகத்தில் குறைந்தது என்று இணையத்தில் கிண்டலடித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சில மாதங்கள் வாயை மூடிக்கொண்டார்கள். குறைந்த வேகக்காரன் படம் காட்டினான். நிறைந்த வேகக்காரன் இருட்டில் நின்றான்.

மூன்று பெயர்களிலும் ஒரே நோய் வந்ததன் காரணம் எளிது. மூவரும் எச்டிஎம்ஐ 2.1 சிப்பை ஒரே இடத்திலிருந்து வாங்கியிருந்தார்கள். பானசோனிக்கின் செமிகண்டக்டர் பிரிவு செய்த சிப் அது. அந்தப் பிரிவே 2020 செப்டம்பர் 1 அன்று தைவானின் நுவோட்டன் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. ரிசீவர் சந்தை டிவி சந்தையோடு ஒப்பிட்டால் சிறியது. அதற்கென்று தனியாக எச்டிஎம்ஐ சிப் செய்து தர உலகத்தில் அதிகம் பேர் வரிசையில் நிற்பதில்லை. டெனானும் மரான்ட்ஸும் அப்போது சவுண்ட் யுனைடெட் என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்தின் பிள்ளைகள். யமஹா போட்டியாளர். முகப்பில் போட்டி, போர்டில் ஒரே சிப்.

இதை முன்பே யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்ற கேள்வி எழும். ரிசீவர்கள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் 40 கிகாபிட் எஃப்ஆர்எல் அனுப்பும் நுகர்வோர் கருவி ஒன்றுகூடக் கடையில் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3080 வந்ததே 2020 செப்டம்பர் 17. ரிசீவர் செய்தவர்கள் சோதனைக் கருவிகளை வைத்துச் சரிபார்த்துவிட்டுப் பெட்டியை அடைத்தார்கள். அனுப்புபவரும் வாங்குபவரும் ஒரே சமயத்தில் ஊருக்குப் புதுசு. இதைச் சொல்வதால் அவர்கள் தப்பிவிட முடியாது என்றே நினைக்கிறேன். ஆயிரத்து இருநூறு டாலர் பெட்டியில் 8கே என்று அச்சடிக்கும் முன், அந்த ஆண்டின் இறுதியில் வரப்போகும் மிகப் பெரிய கன்சோலை ஒருநாள் கடன் வாங்கியாவது செருகிப் பார்த்திருக்கலாம்.

மருந்து

கோளாறு சிப்பின் உள்ளேயே இருந்ததால் ஃபர்ம்வேர் அப்டேட்டால் தீரவில்லை. இரண்டு தரப்பும் இரண்டு வழியில் போயின.

சவுண்ட் யுனைடெட் எஸ்பிகே618 என்ற ஒரு சிறு பெட்டியைச் செய்தது. எக்ஸ்பாக்ஸுக்கும் ரிசீவரின் 8கே உள்ளீட்டுக்கும் நடுவில் அதைச் செருக வேண்டும். அதற்குத் தனியாக மின்சாரமும் கொடுக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து, வாங்கியவர்கள் தங்கள் ரிசீவரின் சீரியல் எண்ணைப் பதிவு செய்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். தோற்றத்தில் அழகில்லாத தீர்வு: ஒரு பெட்டி, கூடுதலாக ஒரு எச்டிஎம்ஐ கேபிள், அலமாரிக்குப் பின்னால் இன்னொரு மின் இணைப்பு. ஆனால் கனமான ரிசீவரை அட்டைப்பெட்டியில் கட்டி சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டியதில்லை. சுவரில் பதித்த கேபிள்களைப் பிரிக்க வேண்டியதில்லை. வீட்டில் இன்ஸ்டால் செய்த அனுபவம் உள்ளவர்கள் இதையே விரும்புவார்கள்.

யமஹா எச்டிஎம்ஐ போர்டையே இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. சுத்தமான தீர்வு, கூடுதல் பெட்டி இல்லை. அதற்கு விலை காத்திருப்பும் சர்வீஸ் சென்டர் நடையும்.

எது மேல்? வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால், கழற்றாமல் தீர்ந்தது மேல். பொறியாளர் பக்கம் நின்று பார்த்தால், ஒரு கண்ணியில் உள்ள பிழையை மறைக்கச் சங்கிலியில் இன்னொரு கண்ணி சேர்ப்பது எரிச்சலூட்டும். அந்தக் கண்ணிக்கும் ஹாட்-பிளக், ஈடிஐடி, எச்டிசிபி என்று எல்லாம் உண்டே. நாளைக்கு வேறு கோளாறு வந்தால் சந்தேகப் பட்டியலில் ஒரு பெயர் கூடுதல்.

சுற்றுவழியும் அதன் செலவும்

பெட்டி வருவதற்கு முந்தைய மாதங்களில் நிறுவனங்களே சொன்ன யோசனை: கன்சோலை நேராக டிவியில் செருகுங்கள், ஒலியை இ-ஆர்க் வழியாக டிவியிலிருந்து ரிசீவருக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இ-ஆர்க் என்பதும் எச்டிஎம்ஐ 2.1-ஓடு வந்ததுதான். பழைய ஆர்க் வழியில் பல சேனல் ஒலி என்றால் சுருக்கியது மட்டும்தான் போகும். இ-ஆர்க்கில் சுருக்காத பல சேனல் ஒலியும், ட்ரூஎச்டியில் ஏறி வரும் டால்பி அட்மாஸும் போகும். படத்தை அது தொடுவதே இல்லை. ஒலிக்காகப் படத்தைச் சுமக்கும் கட்டாயம் அத்தோடு ஒழிந்தது. ஆம்ப்ளிஃபயர் மறுபடி ஆம்ப்ளிஃபயர் வேலையை மட்டும் பார்க்கலாம். அடுத்த தலைமுறைப் படத் தரம் வந்தால் டிவியை மாற்றினால் போதும். இந்த வழக்கிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான்; அன்றிலிருந்து கன்சோல் உள்ள வீடுகளில் ரிசீவரைப் படத்தின் வழியில் வைக்கச் சொல்வதில்லை.

ஆனால் இந்த வழிக்கும் சுங்கம் உண்டு. இப்போது நடுவில் உட்காருவது டிவி. டிவிக்குத் தெரியாத ஒலி வடிவம் அங்கேயே நின்றுவிடும். எல்ஜி 2020 ஓலெட் டிவிகளில் டிடிஎஸ் ஆதரவையே எடுத்துவிட்டது. சிஎக்ஸில் டிடிஎஸ் ஒலி உள்ள ப்ளூ-ரே பிளேயரைச் செருகினால் அந்த ஒலி ரிசீவருக்குப் போய்ச் சேராது. 4கே 120-க்காகச் சிஎக்ஸை வாங்கியவர்களே அதிகம் என்பதால் இது உள்ளபடியே பலரைச் சுட்டது. 2023 மாடல்களில்தான் டிடிஎஸ் திரும்பி வந்தது.

அதனால் ஒரே விதியை எல்லாக் கருவிக்கும் போட முடியாது. ப்ளூ-ரே பிளேயருக்கு 4கே 24 போதும், அதற்கு ரிசீவரின் எந்தப் பழைய உள்ளீடும் தாங்கும். அதை ரிசீவரில் செருகுங்கள், டிடிஎஸ் முழுசாகக் கிடைக்கும். எக்ஸ்பாக்ஸை டிவியில் செருகுங்கள். ஸ்ட்ரீமிங் பெட்டி எங்கிருந்தாலும் பரவாயில்லை. டிவியின் இ-ஆர்க் போர்ட்டும் ரிசீவரின் இ-ஆர்க் வெளியீடும் ஒரே கேபிளில் இணையும் என்பதால் புதிதாகக் கம்பி இழுக்கும் வேலை பெரும்பாலும் வராது. உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடைவெளி தெரிந்தால் ரிசீவரிலோ டிவியிலோ ஆடியோ டிலேயைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். சில டிவிகளில் இது தலைவலி பிடித்த வேலைதான்.

2.1 என்ற எண்

இந்த விவகாரம் ஆறிய பிறகு, 2021 டிசம்பரில் டிஎஃப்டி சென்ட்ரல் என்ற மானிட்டர் ஆய்வுத் தளம் இன்னொரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. 18 கிகாபிட்டுக்கு மேல் போகாத போர்ட்டைக்கூட எச்டிஎம்ஐ 2.1 என்று எழுதி விற்க விதி அனுமதிக்கிறது. எச்டிஎம்ஐ உரிமத்தை நிர்வகிக்கும் அமைப்பு அதை உறுதியும் செய்தது. 2.0 என்ற பதிப்பு 2.1-க்குள் கரைந்துவிட்டது, எஃப்ஆர்எல், விஆர்ஆர் (ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப டிவி தன் வேகத்தை மாற்றுவது), ஏஎல்எல்எம் (விளையாட்டுக்குத் தாமதம் குறைந்த முறைக்கு டிவி தானாக மாறுவது) எல்லாமே விருப்பத் தேர்வுகள். எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தயாரிப்பாளர் சொல்ல வேண்டும், அவ்வளவே.

ஆகவே கடையில் 2.1 இருக்கா என்று கேட்பது வீண். கேட்க வேண்டியவை: எந்தப் போர்ட், எத்தனை கிகாபிட், 4கே 120 எச்டிஆரோடு போகுமா. எல்ஜியின் 2019 சி9-இல் 48 கிகாபிட், அடுத்த ஆண்டின் சிஎக்ஸில் 40. இரண்டுமே 2.1தான். பேனல் 10 பிட் என்பதால் 40 போதும் என்றார்கள், அது உண்மையும்கூட. ஆனாலும் எண் ஏறாமல் இறங்கிய கதை அட்டைப்பெட்டியைப் பார்த்தால் தெரியாது.

டிவி மெனுவிலும் ஒரு கண் வேண்டும். எல்ஜியில் எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட். பெயர்தான் வேறு, வேலை ஒன்று: போர்ட் வாரியாக முழு வேகத்தைத் திறப்பது. அது மூடியிருந்தால் டிவி காட்டும் ஈடிஐடி-யே சுருங்கியிருக்கும். ரிசீவரிலும் இதே மாதிரி ஒரு அமைப்பு இருக்கும். டெனானில் 4கே/8கே சிக்னல் ஃபார்மட் என்று பார்க்கலாம். இரண்டில் ஒன்று குறைவாக இருந்தாலும் கன்சோலில் 120 என்ற தேர்வே தோன்றாது.

தோன்றவே இல்லை என்பதும், தோன்றித் தேர்ந்தெடுத்தபின் கறுப்பு என்பதும் வேறு வேறு நோய்கள். முதலாவது ஈடிஐடி கதை, மெனுவில் தீரும். இரண்டாவதில் கேபிளையும் சிப்பையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் இதைப் பிரித்தறிவது சுலபம். அமைப்புகளில் டிவி பற்றிய 4கே விவரப் பக்கத்தைத் திறந்தால் எந்தெந்த முறை முடியும் என்று பச்சை டிக் போட்டுக் காட்டும். அங்கே காட்டுவது டிவியின் திறமையை இல்லை, கன்சோல் செருகியிருக்கும் அடுத்த பெட்டி சொன்னதை. ஒருமுறை நேராகவும் ஒருமுறை ரிசீவர் வழியாகவும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஒப்பிட்டால், தரகர் எந்த வரியைத் திருத்தினார் என்று தெரிந்துவிடும்.

கேபிளுக்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற சான்று முத்திரை உண்டு. உறையில் ஒட்டியிருக்கும் முத்திரையை ஃபோன் செயலியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முத்திரையும் நீளமும்தான் முக்கியம். அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிற நீளம் என்றால் செம்பை விட்டு ஆப்டிகல் எச்டிஎம்ஐ-க்குப் போவது நல்லது. அதற்குத் திசை உண்டு. சுவரில் பதிக்கும் முன் எந்த முனை டிவிக்கு என்று ஸ்டிக்கரைப் பார்த்துவிடுங்கள்.

பழையது வாங்குபவர்களுக்கு

2020-இன் இந்த ரிசீவர்கள் இப்போது பழைய சாமான் விற்பனைப் பக்கங்களில் வருகின்றன. ஒலியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எக்ஸ்3700எச் இன்றைக்கும் நல்ல ஆம்ப்ளிஃபயர். பழைய விலையில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். டிவிக்கு நேராகப் படம், இ-ஆர்க்கில் ஒலி என்ற அமைப்புக்கு அந்தச் சிப் கோளாறு குறுக்கே வராது.

ரிசீவர் வழியாகத்தான் எக்ஸ்பாக்ஸையோ கேமிங் கம்ப்யூட்டரையோ ஓட்டப்போகிறீர்கள் என்றால் விற்பவரிடம் சில விஷயங்கள் கேளுங்கள். டெனான், மரான்ட்ஸ் என்றால், அந்தச் சின்னப் பெட்டி வாங்கினாரா, கூடவே தருகிறாரா? யமஹா என்றால், போர்டு மாற்றியதற்குச் சர்வீஸ் ரசீது இருக்கிறதா? பிஎஸ்5-ஐச் செருகி 4கே 120 ஓடுவதைக் காட்டினால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோளாறுள்ள சிப்பிலும் அது ஓடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அல்லது ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கார்டு உள்ள கம்ப்யூட்டரை வைத்து, எச்டிஆரை ஆன் செய்து, 8கே என்று எழுதிய உள்ளீட்டில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். படம் வந்தால் பேரம் பேசலாம்.